தொப்பி மட்டும் சொந்தம்

வீடு வாங்கப் போகிறவன் மழையில் போய்ப் பார்க்க வேண்டும். விற்க நினைக்கிறவன் வெயிலில் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். தேர் ரூஜ் என்ற ஊரின் மாரியம்மன் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, விபூதி பூசியவர்கள் செருப்பைத் தேடும் நேரத்தில் ஐயாசாமி இதைச் சொல்லாத வாரம் கிடையாது. பூசாரி சொல்லும் மந்திரம் அங்கே யாருக்கும் புரியாது. ஐயாசாமி சொல்வது எல்லாருக்கும் புரியும். கூட்டம் எந்தப் பக்கம் நின்றது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஐயாசாமி நிலத்துக்கும் வீட்டுக்கும் தரகர். மொரீஸ் தீவில் அதற்குக் கூர்த்தியே என்று பெயர். வீட்டுக்கு முன்னால், சாலையோரமாக ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு மேசை, மேசைக்கு இரண்டு நாற்காலி, கொட்டகைக்கு மேல் பிரெஞ்சில் எழுதிய பலகை. இவற்றுக்கெல்லாம் மேலே அவருடைய சாம்பல் நிறத் தொப்பி. வாங்குகிறவரிடம் பேசும்போது தொப்பி தலையில் இருக்கும்; விற்கிறவரிடம் பேசும்போது கையில் இருக்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் மேசை மேல் இருக்கும்.

"கூரையைப் பார்க்காதே, தரையைப் பார். வாளி வைத்த வட்டம் தெரிந்தால் கூரை ஒழுகுகிறது என்று அர்த்தம்" என்பார் வாங்க வந்தவரிடம். "செத்தவருக்கு எத்தனை பிள்ளை என்று வீட்டில் கேட்காதே. தெருமுனைக் கடையில் கேள். முகம் மலரக் கூடாது. தானாக மலரும் முகமென்றால் பல்வலி என்று சொல்லிக் கன்னத்தில் கை வைத்துக்கொள்."

விற்க வந்தவருக்கு வேறு பாடம். "ஆள் வருகிற நேரம் பார்த்து அடுப்பில் வனிலாக் காயைக் கொதிக்க விடுங்கள். ஈர மரத்தின் வாடை அமுங்கிவிடும். அப்புறம், அடுத்த அறையில் எப்போதும் இன்னொரு ஆள் காத்திருக்க வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் கதவையாவது சாத்தி வையுங்கள்."

ஒரே வாய், ஒரே கொட்டகை, சில நாள் ஒரே காலைப்பொழுது. இதில் முரண்பாடு இருக்கிறதே என்று ஒருவர் கேட்டதற்கு, "டாக்டர் சளிக்கும் மருந்து கொடுக்கிறார், பேதிக்கும் மருந்து கொடுக்கிறார். சண்டையா போடுகிறீர்கள்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

ஆனால் அவருடைய உபதேசங்களில் தலையானது வேறு. "சொத்தைப் பெண்சாதி பேரில் எழுது. பெண்சாதியைக் கோயிலில் கட்டு, சிவிலில் கட்டாதே."

அந்தக் காலத்து மொரீசில் அம்மன் சந்நிதியில் தாலி ஏறி, மேளம் கொட்டி, ஊரே வாழையிலையில் ஏழு கறியோடு சாப்பிட்டு ஏப்பம் விட்டுப் போனாலும், சர்க்கார் பதிவேட்டில் ஏறாத கல்யாணம் சட்டத்தின் கண்ணில் கல்யாணமே இல்லை. பதிவேட்டில் ஏறிய மனைவி புருஷன் அனுமதி இல்லாமல் ஒரு முழம் நிலம்கூட வாங்கவோ விற்கவோ முடியாது. ஏறாதவளோ, எத்தனை பிள்ளை பெற்றிருந்தாலும், சட்டத்துக்கு வெறும் மாம்ஸெல். வயது வந்த கன்னி. அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஐயாசாமி தன் தேர் ரூஜ் வீட்டையும் நிலத்தையும் மனைவி தனலட்சுமி பேரில்தான் வாங்கியிருந்தார். பத்திரம் எழுதிய நொத்தேர் 'மாம்ஸெல் தனலட்சுமி' என்று பிரெஞ்சில் வாசித்தபோது, மூன்று மாதக் கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்த தனலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. ஐயாசாமிக்குப் பெருமை வந்தது.

"நாளைக்கு எவனாவது ஒரு விற்பனை கெட்டுப்போச்சு என்று என் மேல் வழக்குப் போட்டான் என்று வையுங்கள். என்ன கிடைக்கும் அவனுக்கு?" தொப்பியைக் கழற்றிக் கூட்டத்துக்குக் காட்டுவார். "இது கிடைக்கும். வேறு எதுவும் என் பேரில் இல்லை."

கூட்டம் சிரிக்கும். கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் தனலட்சுமியும் சிரிப்பாள். எல்லாரையும் விடக் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பாள்.

அறுபத்தேழாம் வருஷம் ஆகஸ்டில், சுதந்திரம் வேண்டுமா வேண்டாமா என்ற தேர்தல் முடிந்தது. நாட்டில் பாதிப் பேர் வெடி வெடித்தார்கள். மீதிப் பேர் ஆஸ்திரேலியாவின் வரைபடம் எங்கே விற்கிறது என்று விசாரித்தார்கள். அடுத்த மார்ச்சில் கொடி மாறப்போகிறது என்று செய்தி வந்ததும் ஐயாசாமியின் தொப்பி மேசையை விட்டு இறங்கவே இல்லை. விற்கிறவர்களிடம், "கொடி ஏறுவதற்கு முன்னால் விற்றுவிடுங்கள். அப்புறம் சீந்த ஆள் இருக்காது" என்றார். வாங்குகிறவர்களிடம், "கொடி ஏறுவதற்கு முன்னால் வாங்கிவிடு. அப்புறம் மந்திரிகளின் மச்சான்கள் விட்டு வைக்க மாட்டார்கள்" என்றார். இரண்டு தரப்பும் அவர் சொன்னது சரி என்று தலையாட்டின. ஒரு தேசம் பிறக்கும் நேரத்தில் இவ்வளவு ஒற்றுமை வேறு எங்கும் காணப்படவில்லை.

இந்தச் சமயத்தில்தான் போ பஸேன் நகரத்திலிருந்து மதாம் ஊகெட் ஆள் அனுப்பினாள். விதவை. பெர்த் நகரத்தில் தங்கை இருக்கிறாள், டிசம்பரில் கப்பல், அதற்குள் வீடு விற்றாக வேண்டும். ஐயாசாமி போனார். வாசலில் இழுத்தால் உள்ளே மணியடிக்கும் இரும்புக் கம்பி. கூரை விளிம்பெல்லாம் சரிகைக் கரை போலச் செதுக்கிய மரம். முன்பக்கம் முழுக்க நீண்டு கிடக்கும் வராந்தா. அதில் ஒரு பிரம்பு நாற்காலி.

"இந்த நாற்காலியில் ஒரு கவர்னர் உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறார், ஐயாசாமி" என்றாள் மதாம் ஊகெட்.

ஐயாசாமி நாற்காலியைப் பார்த்தார். சும்மா பதம் பார்ப்பது போல உட்கார்ந்தார். அவ்வளவுதான். வெட்ட வெளியில் நின்றவனுக்கு வெயில் ஏறுவது போல ஆசை ஏறிவிட்டது. மார்ச்சில் கொடி ஏறுகிறது. அன்றைக்கு ஊர் தன்னைத் தேடி வரும்போது தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பதா, இங்கே உட்கார்ந்திருப்பதா? கன்னத்தில் கை வைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது தடவை போனபோது, மதாமின் கதையில் கவர்னர் மனைவியையும் அழைத்து வந்திருந்தார். மூன்றாவது தடவை இருவரும் இரவு தங்கிவிட்டுப் போயிருந்தார்கள். அன்றைக்கு அடுப்படியிலிருந்து வனிலா வாசம் மிதந்து வந்தது. அதைக் கொதிக்க வைக்கச் சொல்லிக் கொடுத்தவர் ஐயாசாமியேதான், முதல் தடவை வந்தபோது. வாசம் மூக்கில் ஏறியதும் அவருக்கு மனசு இளகிற்று.

"மதாம், ஆள் கிடைத்துவிட்டது. நான்தான்."

"நீங்களா?" மதாம் ஊகெட் அவரைத் தொப்பி முதல் ஷூ வரை பார்த்தாள். "நீங்கள் வாங்குகிற ஆள் என்று எனக்குத் தெரியாதே, மிஸ்யே ஐயாசாமி."

அதுவரை வெறும் ஐயாசாமி. அந்த ஒரு 'மிஸ்யே'யில் அவர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அங்கே வாங்க வேண்டுமென்றால் இங்கே விற்க வேண்டும். அதற்கும் ஆள் இருந்தது. ராமசந்திரன், ஏதோ ஒரு இலாகாவில் புதிதாகப் பெரிய எழுத்தராக உயர்ந்தவர், தலைநகர் போர் லூயிக்குப் பக்கத்தில் காங்கிரீட் வீடு தேடிக்கொண்டிருந்தார். கரோல் புயலில் கூரை பறந்த பிறகு ஐயாசாமியின் தேர் ரூஜ் வீடு காங்கிரீட்டில் கட்டியது. "சுதந்திரத்துக்குப் பிறகு எனக்கு ஒரு முகவரி தேவைப்படும்" என்றார் ராமசந்திரன், அதுவரை காற்றில் வாழ்ந்தவர் போல. ஐயாசாமி அவருக்கும் வாக்குக் கொடுத்தார்.

இரண்டு வாக்குக்கும் நடுவில் ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. அது சமையற்கட்டில் துவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தது.

"தனம், நாம போ பஸேன் போறோம்."

"போயிட்டு எப்ப வருவோம்?"

"வரமாட்டோம். அங்கயே இருப்போம். இந்த வீட்ட விக்கிறோம்."

தனலட்சுமி உரித்த காயைக் கிண்ணத்தில் போட்டாள். "இந்த வீடுன்னா?"

"நம்ம வீடுதான்."

"ஆயோ, நம்ம வீடா? உங்க பேர்ல தொப்பிதானே இருக்குன்னாங்க கோயில்ல."

ஐயாசாமி சிரிக்கப் பார்த்தார். "கையெழுத்து நீதான் போடணும். அதுக்குத்தான் சொல்றேன்."

"சரி, போடுறதுக்கென்ன. மழையில பாத்தீங்களா அந்த வீட்ட?"

"நல்ல வெயில்லதான் போனேன். பிரமாதமா இருக்கு."

"மதாமோட புருஷனுக்கு எத்தனை பிள்ளைன்னு கடையில கேட்டீங்களா?"

"வாரிசு அவ ஒருத்திதான்னு அவளே சொன்னா."

"அவளே சொன்னாளா." இன்னொரு காயை எடுத்தாள். "அப்ப சரிதான். மழை வந்ததும் சொல்லுங்க, நானும் வந்து பாக்கிறேன்."

ஊருக்குச் சொன்ன உபதேசம் வீட்டுக் கதவைத் தட்டினால் திறக்கிறவர் கொஞ்சம்தான். ஐயாசாமிக்கு எரிச்சல் வந்தது. இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று யோசித்தார். இத்தனை வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டத்தின் ஓரத்தில் நின்றவள் யார் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. பிரசங்கம் செய்கிறவர் கூட்டத்தின் தலைகளை எண்ணுவார், முகங்களைப் பார்ப்பதில்லை.

அந்த வாரமே மழை வந்தது. போர் லூயியில் பஸ் மாறி இருவரும் போ பஸேன் போய்ச் சேர்ந்தபோது தெருவெல்லாம் சிவப்புத் தண்ணீர். மணிக்கம்பியை இழுத்தார்கள். மதாம் ஊகெட் நெடுநேரம் கழித்துத்தான் கதவைத் திறந்தாள். உள்ளே எதையோ அவசர அவசரமாக நகர்த்தும் சத்தம் அதற்குள் கேட்டு முடிந்திருந்தது.

"என் மனைவி" என்று அறிமுகப்படுத்தினார் ஐயாசாமி.

"சந்தோஷம், மதாம்" என்றாள் ஊகெட். "உட்காருங்கள். இந்த நாற்காலியில் ஒரு கவர்னர்..."

"நான் நிக்கிறேன், மதாம். கவர்னருக்கு இருக்கட்டும்."

தனலட்சுமி கூரையைப் பார்க்கவில்லை. பியானோவைப் பார்த்தாள். அது அறையின் நட்ட நடுவில், எந்தச் சுவரோடும் சேராமல், அவிழ்த்து விட்ட மாடு போல நின்றது. அது முன்பு நின்றிருந்த மூலையில் ஒரு பித்தளை அண்டா. அண்டாவுக்குள் டங், டங் என்று சொட்டிற்று. வனிலா வாசத்தை அந்தச் சத்தம் அடக்கிவிட்டது.

"இன்றைக்கு மட்டும்தான் இப்படி" என்றாள் ஊகெட்.

"மழை பெய்யிற அன்னைக்கு மட்டும்" என்று ஒத்துக்கொண்டாள் தனலட்சுமி. வராந்தாவுக்கு வந்தாள். தூணில் சுண்டுவிரலை வைத்து லேசாக அழுத்தினாள். விரல் வெண்ணெயில் இறங்குவது போல வெள்ளைப் பூச்சுக்குள் நகம்வரை இறங்கிற்று. "கரையான்" என்றாள், அதுவரை பேசிய கிரியோல் மொழியை விட்டுத் தமிழில்.

தமிழ் தெரியாத மதாம் ஊகெட்டுக்கு இந்த ஒரு சொல் மட்டும் சட்டென்று புரிந்தது. கரும்பு வெட்ட வந்தவர்களின் மூட்டையோடு அந்தச் சொல்லும் கப்பலில் வந்து கிரியோலில் குடியேறிவிட்டது. "கரியாவா? எங்கள் வீட்டில் கரியாவே கிடையாது!" என்றாள், கரையானுக்குக் கேட்டுவிடுமோ என்பது போலக் குரலைத் தாழ்த்தி.

திரும்பும் பஸ்ஸில் ஐயாசாமி சொன்னார்: "தூணைத்தானே மாத்தணும். வராந்தாவப் பாத்தியா?"

"பாத்தேன். தூண் இல்லாட்டா வராந்தா எதுல நிக்கும்?"

"கையெழுத்துப் போடுவியா, மாட்டியா?"

"யோசிச்சுச் சொல்றேன். முத நாளே சரின்னு சொல்றவன் மடையன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க." பெரியவர் யார் என்று அவள் சொல்லவில்லை. ஐயாசாமியும் கேட்கவில்லை.

யோசிக்கிறவளைக் காத்திருந்து வெல்ல முடியாது என்பது கூர்த்தியேக்கு நன்றாகத் தெரியும். இரண்டு நாள் தொப்பியைச் சுழற்றிக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் தன் உபதேசத்துக்குள்ளேயே ஒரு சாவி இருப்பதைக் கண்டுபிடித்தார். சிவிலில் கட்டாதே என்று ஏன் சொன்னோம்? கட்டினால் பெண்சாதி கையெழுத்துக்குப் புருஷன் அனுமதி வேண்டும் என்பதால். அப்படியானால் கட்டிவிட்டால்? கடிவாளம் இந்தப் பக்கம் வந்துவிடும். அரைகுறையாய்ச் சட்டம் தெரிந்தவனைப் போல தைரியசாலி உலகத்தில் இல்லை.

அன்று மாலை ஐயாசாமி புது வேட்டி கட்டி, போர் லூயியில் வாங்கிய நாப்போலித்தேன் கேக்குப் பெட்டியும் மல்லிகைச் சரமுமாகத் தன் வீட்டுக்கே வந்து சேர்ந்தார். தொப்பி கையில் இருந்தது.

தனலட்சுமி ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"அப்படின்னே வச்சுக்கயேன். தனம், நாம சிவில் கல்யாணம் பண்ணிக்குவோம்."

"நாமளா? நம்ம பொண்ணு இங்கிலாந்துல நர்ஸ் வேலைக்குப் போயாச்சு. அடுத்த வருஷம் அவ கல்யாணத்துக்கு நாம கேக்கு வாங்கணும்."

"அதுக்குத்தான். நம்ம கல்யாணத்துக்கும் ஒரு மரியாதை வேணாமா?"

"அப்ப என் தாலி?"

"தாலி சாமிக்கு. இது சர்க்காருக்கு."

"எந்த சர்க்காருக்கு? அதான் மார்ச்சுல மாறுதே."

ஐயாசாமி கேக்குப் பெட்டியைப் பிரித்தார். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. தனலட்சுமி ஒரு கேக்கை எடுத்து இளஞ்சிவப்புச் சர்க்கரையை மட்டும் கடித்தாள்.

"வாங்க வர்றவன் அவசரப்பட்டா என்ன கேக்கணும்னு சொல்லுவீங்க? கோயில்ல சொல்லுவீங்களே, நல்லா இருக்கும்."

"என்ன அவசரம்னு கேக்கணும்" என்றார் ஐயாசாமி, பழக்க தோஷத்தில்.

"என்ன அவசரம்?"

ஐயாசாமி பூவை நீட்டினார். அவள் மல்லிகைச் சரத்தை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். "பூ நல்லா இருக்கு. மத்தத யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

அதற்கப்புறம் ஐயாசாமி தினமும் போ பஸேன் போய் மதாம் ஊகெட்டைச் சமாதானம் செய்தார். அவர் இல்லாத நேரத்தில் ராமசந்திரன் தேர் ரூஜுக்கு வீடு பார்க்க வந்து போனார் என்று தெரிந்தது. தனலட்சுமி தேநீர் கொடுத்ததாகவும், இருவரும் நெடுநேரம் பேசியதாகவும் பக்கத்து வீட்டுப் பொன்னம்மா சொன்னாள். ஒரு நாள் மாலை திரும்பியபோது நிலத்தில் இரும்பு முளைகள் அடித்திருந்தன. அளவைக்காரர் வந்து போயிருந்தார். ஒரு முளை கொட்டகைக்குப் பின்னால், வீட்டுக்கு முன்னால், லீச்சி மரத்தடியில் இருந்தது. ஐயாசாமி அதில் கால் இடறி விழப் பார்த்தார். எழுந்து நின்றவருக்கு ஆனந்தம். அளந்தாயிற்று என்றால் விற்கத் துணிந்துவிட்டாள் என்றுதானே அர்த்தம்?

"வெள்ளிக்கிழமை நொத்தேர்கிட்ட வரச் சொல்லியிருக்காங்க" என்றாள் தனலட்சுமி. "நீங்களும் வாங்க."

"சிவில்...?"

"முதல்ல இது."

ஐயாசாமி அன்றிரவே பிரம்பு நாற்காலியை வராந்தாவின் எந்த மூலையில் போடுவது என்று தீர்மானித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் ராமசந்திரனுக்காக நொத்தேர் அலுவலகத்தின் முன்வாசலில் காத்திருந்ததில் கொஞ்சம் பிந்திவிட்டார். ராமசந்திரனோ பின்பக்க வழியாக முன்பே உள்ளே போயிருந்தார். போர் லூயியில் அந்த நொத்தேரின் அலுவலகத்துக்கு இரண்டு அறைகள். ஐயாசாமி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறியபோது முதல் அறைக் கதவு திறந்தது. வெளியே வந்தவள் மதாம் ஊகெட். அவள் பின்னால் தடித்த ஒரு மனிதர், பேனாவுக்கு மூடி போட்டபடி, கன்னமெல்லாம் சந்தோஷமாக வந்தார். அவர் கோட்டிலிருந்து வனிலா வாசம் வீசிற்று.

"மதாம்! நீங்கள் இங்கே...?"

"வீட்டை விற்றுவிட்டேன், ஐயாசாமி." 'மிஸ்யே' போய்விட்டிருந்தது. "இந்த மிஸ்யே க்ளோடுக்கு."

"எனக்கு வாக்குக் கொடுத்தீர்களே!"

"கொடுத்தேனே. இவருக்கும் கொடுத்தேன்." மதாம் ஊகெட் முகத்தில் குற்றம் இல்லை, நன்றிதான் இருந்தது. "அடுத்த அறையில் எப்போதும் இன்னொரு ஆள் இருக்க வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். மிகவும் உபயோகமாக இருந்தது."

மிஸ்யே க்ளோட் ஐயாசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அந்த நாற்காலியில் ஒரு கவர்னர் ஒரு வாரம் தங்கியிருந்தாராம், தெரியுமா?" என்றார். நாற்காலியில் எப்படி ஒரு வாரம் தங்குவது என்று அவரும் கேட்கவில்லை, ஐயாசாமியும் கேட்கவில்லை.

அவர்கள் படியிறங்கினார்கள். ஐயாசாமி மாடியிலேயே நின்றார். வராந்தா போயிற்று, போகட்டும். மெல்ல மெல்ல, ஒழுகும் கூரையின் சொட்டுப் போல, இன்னொரு விஷயம் தலையில் விழுந்தது. வாங்க வேண்டிய வீடு போய்விட்டது. விற்க வேண்டிய வீடு, இதோ அடுத்த அறைக் கதவுக்குப் பின்னால், இந்த நிமிஷம் விலைபோய்க்கொண்டிருக்கிறது. கரோலுக்குப் பின் கட்டிய காங்கிரீட் வீடு. இன்று ராத்திரி எங்கே படுப்பது?

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். "தனம்! கையெழுத்துப் போடாதே!"

நொத்தேர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மேசைக்கு ஒரு பக்கம் ராமசந்திரன், கழுத்தில் டை. இன்னொரு பக்கம் தனலட்சுமி, கையில் பேனா. இத்தனை வாரம் போடு போடு என்று கெஞ்சிய கையெழுத்து, பேனா முனையில் மசியாய்த் துளிர்த்து நின்றது.

"நீங்கள் யார், மிஸ்யே?" என்றார் நொத்தேர்.

"நான் இவளுடைய புருஷன்."

நொத்தேர் தாளைப் புரட்டினார். "விற்கிறவர் மாம்ஸெல் தனலட்சுமி. வயது வந்தவர், மணமாகாதவர் என்று போட்டிருக்கிறது. மாம்ஸெலுக்குப் புருஷன் எப்படி?"

"கோயிலில் கட்டினேன். ஊரே சாட்சி."

"ஊர் கையெழுத்துப் போட்டிருக்கிறதா?"

ஐயாசாமி ராமசந்திரனைப் பார்த்தார். ராமசந்திரன் ஜன்னலைப் பார்த்தார். முன்யோசனை உள்ள அதிகாரிகள் இப்படிப்பட்ட சமயத்தில் ஜன்னலைத்தான் பார்ப்பார்கள்.

"சரி, சிவிலிலும் கட்டிக்கொள்கிறோம்! நாளைக்கே!" என்றார் ஐயாசாமி. "அப்போது என் அனுமதி இல்லாமல் விற்க முடியாதே?"

"கட்டிக்கொள்ளுங்கள், என் வாழ்த்துகள். ஆனால் இன்று அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கட்டின பிறகும், கல்யாணத்துக்கு முன்னாலேயே அவர் பேரில் இருக்கிற நிலம் அவருடையதுதான். அவர் கையெழுத்தில்லாமல் நீங்கள் ஒரு செங்கல்லை விற்க முடியாது." நொத்தேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யார் உங்களுக்கு இந்த யோசனையெல்லாம் சொன்னது?"

ஐயாசாமி தொப்பியின் விளிம்பைத் தடவினார். தனலட்சுமி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"உக்காருங்க. எதுக்கு இப்படி மூச்சு வாங்குது?"

"தனம், மதாம் வீடு போச்சு. வேற ஆளுக்குக் கொடுத்துட்டா. நம்ம வீட்டையும் வித்துட்டா நாம எங்க போறது? வேணாம். நான் சொல்றதக் கேளு."

"நம்ம வீடா?" என்றாள். ஆனால் இந்தத் தடவை குத்தலாக இல்லை. ஏதோ பொருள் சரியாக இருக்கிறதா என்று தூக்கிப் பார்ப்பது போலச் சொன்னாள். "வீட்ட யாரு வித்தா? வாசிங்க, மிஸ்யே."

நொத்தேர் வாசித்தார். விற்பது சாலையோரத் துண்டு மட்டும். சாலையிலிருந்து லீச்சி மரத்தடி முளை வரை. மரம் மாம்ஸெல் பக்கம். வீடு மாம்ஸெல் பக்கம். வீட்டுக்குப் போக ஓரமாக ஒரு வழி, என்றைக்கும் மாம்ஸெல் உரிமை.

"பெரிய நிலத்த ஒண்ணா விக்கிறவன் பாதிய இனாமாக் குடுக்கிறான். கதவு இருக்கிற துண்ட வச்சுக்கோ, கதவு இல்லாத துண்ட வித்துடுன்னு சொல்லுவீங்களே" என்றாள் தனலட்சுமி.

"நானும் யோசித்தேன்" என்று ராமசந்திரன் தொண்டையைச் செருமினார். "அடுத்தவர் கட்டிய வீடு என்பது அடுத்தவர் செய்த தப்பு என்று மாம்ஸெல் எடுத்துச் சொன்னார்கள். சாலையோரத்தில் நானே கட்டிக்கொள்கிறேன். கேட்டில் என் பெயர் போடலாம்."

அந்த வாக்கியமும் ஐயாசாமியுடையதுதான். வெற்று நிலம் விற்கிற நாட்களில் சொல்வது.

பேனா தாளைத் தொட்டது. தனலட்சுமி கோயில் பள்ளியில் படித்த தமிழெழுத்தில், ஒவ்வொரு சுழியையும் அவசரமில்லாமல் சுழித்துத் தன் பெயரை எழுதினாள். ஐயாசாமி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வீடு இருக்கிறது. படுக்க இடம் இருக்கிறது. அப்புறம்தான் கணக்கு உறைத்தது. சாலையோரத் துண்டு.

"கொட்டகை?" என்றார். "என் கொட்டகை? என் பலகை?"

"பலகைய எடுத்துக்கலாம்னு அவர் சொல்லிட்டார்" என்றாள் தனலட்சுமி.

"இந்த விற்பனைக்குக் கூர்த்தியே யாராவது உண்டா?" நொத்தேர் கேட்டார். "இருந்தால் அவர் உட்காரலாம். இல்லையென்றால், மிஸ்யே, உங்களுக்கு இங்கே வேலை இல்லை."

ஐயாசாமி மனைவியைப் பார்த்தார். புருஷன் என்று நின்றால் வெளியே போக வேண்டும். தரகன் என்றால் நாற்காலி உண்டு.

"இவர்தான் கூர்த்தியே" என்றாள் தனலட்சுமி. "எல்லாம் இவர் சொல்லித்தான் நடந்துச்சு."

ஐயாசாமி உட்கார்ந்தார். தன் கொட்டகையை விற்றதற்கான தரகுக்குத் தானே கையெழுத்துப் போட்டார். நொத்தேரின் நாற்காலியும் பிரம்பு நாற்காலிதான். எந்தக் கவர்னரும் அதில் உட்கார்ந்ததாகத் தெரியவில்லை.

பஸ் நிறுத்தத்தில் கூரை கிடையாது. மலைப் பக்கமிருந்து மழை இறங்கிக்கொண்டிருந்தது. தனலட்சுமி புதுப் பத்திரத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றினாள். பெரிய பெரிய துளிகளாக விழுந்ததும் தலைப்பு மட்டும் போதாதென்று பட்டது.

"அதக் குடுங்க" என்றாள்.

"எத?"

அவளே அவர் தலையிலிருந்து தொப்பியை எடுத்தாள். பத்திரத்தை மடித்து அதற்குள் வைத்து, கவிழ்த்து, மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஐயாசாமியின் வழுக்கையில் மழை தடையில்லாமல் விழுந்தது. மூக்கு நுனியிலிருந்து சொட்டிற்று.

"சிவில் கல்யாணம் யோசிச்சியா?" என்று கேட்டார். இப்போது எதற்காகக் கேட்கிறோம் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை.

"அவசரம் என்ன? கொடி மாறட்டும். அப்புறம் விலை தெரியும்."

பஸ் வரும் திசையைப் பார்க்காமல் அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்கிற?"

"மழையிலதானே பாக்கணும்" என்றாள்.